மத்திமத்தில் நின்ற லாம்பர்ட்

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் காலை ஒன்பதரை மணிக்கு, சிப்பிமுனை அடைக்கல மாதா கோயில் கொடிமரத்தின் உச்சியில் ஏறிக் கப்பியில் கயிறு கோத்துக்கொண்டிருந்த லாம்பர்ட் மச்சாது கால் வழுக்கி விழுந்தான்; விழுந்தவன் தரைக்கு வந்து சேரவில்லை. மூன்று ஆள் உயரத்தில், கையைக் காலை விரித்தபடி, வாயில் கவ்வியிருந்த சணல் துண்டைக்கூட விடாமல் காற்றில் அப்படியே நின்றுவிட்டான். கீழே பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்த்தார்கள். அவன் இப்போதைக்கு வருவதாகத் தெரியவில்லை என்றதும், ஆள் விழப்போகிற இடத்தில் குழி இருந்தால் நன்றாயிராது என்று நாலடி தள்ளித் தோண்ட ஆரம்பித்தார்கள்.

அந்த நேரத்தில் கோயிலுக்குள் பியானோ முன்னால் உட்கார்ந்திருந்தவள் எஸ்தலின். முப்பத்தொன்பது வயது, ஐஸ் கம்பெனியில் போன் எடுக்கிற உத்தியோகம், கல்யாணம் ஆகவில்லை. தூத்துக்குடி கன்னியாஸ்திரீகளிடம் எட்டு வருஷம் பியானோ கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பியவள். அவள் வாசித்தால் இந்தக் கரையில் கடலைத் தவிர வேறெதுவும் பேசாது, கடலும் கொஞ்சம் அடக்கித்தான் பேசும். இதை நான் மிகைப்படுத்திச் சொல்வதாக நினைத்தால் சிப்பிமுனைக்கு வந்து யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவள் வாசிப்பில் ஊரே சொக்கிப்போனது ஒரு விஷயத்துக்காக. பியானோவில் மூன்று சுரத்தைச் சேர்த்துப் பிடித்தால் அது ஒரு கட்டு: ச, க, ப. அந்தக் கட்டுக்கு முகம் நடுவில் இருக்கிற க. பெரிய க போட்டால் கட்டு சிரிக்கும், சின்ன க போட்டால் அழும். எஸ்தலின் என்ன செய்வாள் என்றால், அந்த க-வை எழுப்பிவிட்டு, பக்கத்து வீட்டு ம-வைக் கூட்டி வந்து அதே நாற்காலியில் உட்காரவைப்பாள். ச, ம, ப. இப்போது அது சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. கேட்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, என்ன ஆகுமோ என்று நிற்பார்கள். ம மெல்ல இறங்கி க-வின் இடத்தைக் க-விடமே ஒப்படைக்கும்போதுதான் கோயில் முழுக்க மூச்சு வெளியே வரும். படித்தவர்கள் அதை ஸஸ்பென்டட் கார்டு என்றார்கள். எஸ்தலின் தொங்கல் என்றாள், ஊரும் தொங்கல் என்றே சொன்னது. ஒரு தொங்கலை எவ்வளவு நேரம் தொங்கவிட வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. அது அவள் விரலுக்குத் தெரிந்திருந்தது. கைப்பிள்ளைகள் அழுகையை நிறுத்திக் கேட்கிற அளவுக்கு அவள் பிடிப்பாள், பிள்ளை மறுபடி வாயைத் திறக்குமுன் இறக்கிவிடுவாள்.

அன்றைக்கும் அப்படித்தான் கொடிப்பாட்டுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். ச, ம, ப என்று பிடித்தாள். அது கோயில் வாசலைத் தாண்டி, பந்தலைத் தாண்டி, கொடிமரத்தின் உச்சி வரைக்கும் போய் நின்றது. அங்கேயிருந்த லாம்பர்ட்டும் கேட்டான், கேட்டதில் கால் இருக்கிற இடத்தை ஒரு நொடி மறந்தான். எஸ்தலின் ம-வை விட்டுவிட்டு க-வை அழுத்தினாள். க சத்தம் கொடுக்கவில்லை. தலையணையில் குத்தின மாதிரி பொத்தென்றது, அவ்வளவுதான். தொங்கல் இறங்காமல் நின்றது, அதோடு சேர்ந்து லாம்பர்ட்டும் நின்றான்.

அவள் வெளியே ஓடி வந்து பார்த்தாள்.

"எஸ்தலின், நான் விழுந்துட்டனா?" என்று மேலேயிருந்து லாம்பர்ட் கேட்டான்.

"இன்னும் இல்ல," என்றாள் அவள். "அசையாம இருங்க."

அவள் கொடிமரத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டதை அன்று எல்லோரும் பார்த்தார்கள். ஏன் என்று கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. பதினைந்து வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் லாம்பர்ட் பாடகர் குழு ஒத்திகைக்கு வந்து, பாடத் தெரியாதவனானதால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே கேட்பான். முடிந்ததும் எஸ்தலினோடு அவள் வீட்டுக் கேட் வரைக்கும் நடப்பான். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறவன் போலத் தொண்டையைச் செருமுவான். பிறகு, "காத்து தெக்க திரும்பிட்டு" என்பான், இல்லாவிட்டால் "நாளைக்கு வலையில சாளை நல்லா படும்" என்பான், போய்விடுவான். கேட்க வேண்டியது அவன் என்று அவளுக்கு ஒரு வீம்பு. ஊர்க்காரர்கள் முதல் ஐந்து வருஷம் ஆவலாகக் காத்திருந்தார்கள், அடுத்த ஐந்து வருஷம் கேலி செய்தார்கள், அதற்கப்புறம் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

பியானோவைத் திறந்து பார்த்ததில் குட்டு வெளிப்பட்டது. கோயில்பிள்ளை சூசை, அதாவது கோயிலைத் திறந்து பூட்டி மணியடித்துப் பார்த்துக்கொள்கிற மனிதர், போன வாரம் பியானோவைத் துடைக்கும்போது நடு க-வின் மூன்று கம்பிகளில் ஒன்று உப்புக்காற்றில் துருவேறி அறுந்து கிடப்பதைக் கண்டிருக்கிறார். ஆயுசு முழுக்க வலை கட்டின கை சும்மா இருக்குமா? இரண்டு பாக நீளம் தங்கூசி எடுத்து, தூண்டில் போடுகிற அந்த நைலான் நரம்பையேதான், கம்பியிருந்த இடத்தில் இழுத்து முடிச்சுப் போட்டிருக்கிறார். ஒன்று மட்டும் வெள்ளையாயிருந்தால் பார்க்க அசிங்கம் என்று நல்லாயிருந்த மற்ற இரண்டு கம்பியையும் கழற்றி எறிந்துவிட்டு மூன்றுக்கும் தங்கூசி.

"பத்துக் கிலோ சீலா மீனைத் தாங்குது, ஒரு பாட்டத் தாங்காதா?" என்று கேட்டார் சூசை. பிறகு வாசலில் போய் மேலே பார்த்துவிட்டு, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஏணி போட்டு இறக்கப் பார்த்தார்கள். நாலு பேர் அவன் காலைப் பிடித்துத் தொங்கினார்கள். நாலு பேரும் தொங்கினார்கள், அவ்வளவுதான் கண்ட பலன். குழுவிலிருந்த சின்ன கீபோர்டில் யாரோ க-வை வாசித்துப் பார்த்தார்கள், ஒரு பயனும் இல்லை. பியானோ போட்ட முடிச்சைப் பியானோதான் அவிழ்க்க வேண்டும். எஸ்தலின் துணிந்து மேல் க-வைத் தொட்டாள். லாம்பர்ட் தலைகீழாகப் புரண்டான், சட்டைப்பையிலிருந்து பீடிக்கட்டும் சீப்பும் வலை ஊசியும் விழுந்தன. கீழ் க-வைத் தொட்டாள். அவன் நிமிர்ந்தான், ஆனால் ஒரு முழம் சடாரென்று கீழே வந்து, "மாதாவே, போதும்!" என்று அலறினான். எஸ்தலினுக்கு விளங்கிவிட்டது. ம பக்கத்துப் படியில்தான் கால் வைத்து இறங்கும், தாவாது. பக்கத்துப் படியோ தங்கூசியாய்க் கிடக்கிறது. அதற்கும் அடுத்தது கறுப்புக் கட்டை, சின்ன க, அழுகிற க. அது மட்டும் கம்பி கெடாமல் கணீரென்று இருந்தது. அதை அழுத்தினால் தொங்கல் இறங்கும், லாம்பர்ட்டும் இறங்குவான், ஆனால் எப்படி இறங்குவான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் பியானோவைப் பூட்டி, சாவியை ஜெபமாலையோடு சேர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் கொடி ஏறியது. கயிறு லாம்பர்ட்டின் இடுப்பை உரசிக்கொண்டு போனதால் அவனே ஒரு கை கொடுத்து இழுத்துவிட்டான், இதுவரைக்கும் கொடி இத்தனை வாகாக ஏறினதில்லை என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஒன்பதாம் திருநாள் சப்பரம் வந்தபோது காலை மடக்கிக்கொண்டான். சாப்பாட்டை முருங்கைக்காய் பறிக்கிற துரட்டியில் தூக்குவாளியை மாட்டிக் கொடுத்தார்கள். எந்த வீட்டுக் குழம்பு என்று மணத்திலேயே சொல்லிவிடுவான், உப்புக் குறைந்தால் அதையும் சொல்லிவிடுவான் என்பதால் பெண்கள் போட்டி போட்டுக்கொண்டு சமைத்தார்கள். வெயிலுக்கு மீன் ஏலக்கூடத்திலிருந்து பெரிய குடை வந்தது. சுகாதார நிலையத்து நர்சம்மா வாரத்துக்கு ஒருமுறை ஏணியில் ஏறி ரத்த அழுத்தம் பார்த்து, கீழே இருக்கிற எல்லோரையும்விட இவருக்குத்தான் நன்றாயிருக்கிறது என்று எழுதிப்போனார். பங்குச்சாமி ஞாயிற்றுக்கிழமை ஏணியில் ஏறியே அவனுக்கு நற்கருணை கொடுத்தார். இதை ஆயருக்கு எழுதவில்லையா என்று கேட்டதற்கு, "அற்புதம்னு எழுதுனா விசாரிக்க ஆள் வரும். வந்தா ஒரு மாசம் தங்கும். ஒங்க வீட்ல தங்க வைக்கியளா?" என்று கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதோடு நில்லாமல் அவனால் ஊருக்கு உபயோகமும் வந்தது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் சாளைக் கூட்டம் கடலில் கறுத்துத் தெரியும். விடியக் கருக்கலில் படகுக்காரர்கள் கொடிமரத்தடியில் வந்து நின்று, "எங்கிட்டுல லாம்பர்ட்?" என்பார்கள், அவன் கையை நீட்டுவான், அவர்கள் அந்தத் திசைக்குப் போவார்கள். எதையும் முடிவு செய்ய முடியாதவர்களும் வந்து அவன் கீழே நிற்க ஆரம்பித்தார்கள், மகளை நர்சிங் படிக்க அனுப்புவதா, தம்பியோடு பேசுவதா வேண்டாமா என்று. அவன் ஒன்றும் சொல்லமாட்டான். முடிவெடுக்காமலும் ஒரு மனுஷன் உயிரோடு இருக்கலாம் என்று அவனைப் பார்த்ததிலேயே அவர்களுக்கு ஆறுதல்.

எஸ்தலின் தினம் சாயங்காலம் ஐஸ் கம்பெனி விட்டதும் வந்து கொடிமரத்தடியில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காருவாள். பதினைந்து வருஷத்தில் பேசாததையெல்லாம் அந்த நாற்பது நாளில் அவர்கள் பேசினார்கள். கேட் இல்லாததால் அவனுக்குப் பேச்சு வந்தது என்று நினைக்கிறேன்.

"ஒவ்வொரு சனிக்கிழமையும் கேக்கணும்னுதான் வருவேன்," என்றான் ஒருநாள். "தொண்ட வரைக்கும் வந்துரும். பொறவு நீ முடியாதுன்னு சொல்லிட்டா அடுத்த சனிக்கிழம வந்து பாட்டுக் கேக்க முடியாதேன்னு ஒரு பயம்."

எஸ்தலினுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "இப்பக் கேளுங்களேன்," என்றாள்.

"தொங்கிக்கிட்டா? ஊர் சிரிக்காதா? தரையில காலு படட்டும், கேக்கேன்."

அவள் ஸ்டூலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். ஆனால் மறுநாளும் வந்தாள்.

நாகர்கோவிலிலிருந்து பியானோ சுருதி சேர்க்கிறவர் வந்தார். ஞானசிகாமணி என்று பெயர், தங்கூசியைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். புதுக் கம்பி கைவசம் இருக்கிறது என்றார், ஆனால் மாட்டமாட்டேன் என்றார்.

"கம்பியத் தளர்வா மாட்டி முறுக்கி முறுக்கித்தான் மேல ஏத்தணும், பிள்ளே. க-வுக்கு வருகதுக்கு முன்ன அது சின்ன க-வத் தாண்டித்தான் வரும். தட்டிக் கேக்காம ஏத்த முடியாது. அந்த நேரம் மேல நிக்க மனுஷன் என்ன ஆவாரு? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்." பிறகு இன்னொன்றும் சொன்னார். "மழைக்காத்து தொடங்கிச்சுன்னா எல்லாக் கம்பியும் எளகும். அந்த ம எறங்க ஆரம்பிக்கும். அதுக்குள்ள பாத்துக்கோங்க."

அவர் சொன்னபடியே நடந்தது. ஐப்பசி பிறந்து வாடைக்காற்று திரும்பிய மூன்றாம் நாள் லாம்பர்ட் இடப்பக்கம் சாய்ந்தான். நாலாம் நாள் ஒரு சாண் சரிந்தான். ஐந்தாம் நாள் காலையில் அவன் உடம்பு முழுக்க, அறுந்துபோகிற கம்பிக்கு வருகிற மாதிரி ஒரு நடுக்கம் வந்தது, சாப்பாடு வேண்டாம் என்றான், படகுக்காரர்களுக்குக் கை காட்டவும் மறுத்துவிட்டான். ஊர் அடியோடு பயந்தது. பெரிய கரைவலையைக் கொண்டுவந்து அவனுக்குக் கீழே அறுபது பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள், ஆனால் நாலு பேர் தொங்கியும் அசையாத கனம் விழுந்தால் வலை தாங்குமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சூசை வலையின் ஒரு முனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார்.

எஸ்தலின் பூட்டின பியானோவின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. பாடகர் குழு வந்திருந்தது, சும்மா நிற்கப் பயமாயிருந்ததால் மாதா பிரார்த்தனையைப் பியானோ துணையில்லாமலே பாட ஆரம்பித்தார்கள். பெண்கள் ச-வில் எடுத்தார்கள். ஆண்களுக்கு அந்தச் சுருதி எட்டாது. எட்டாதபோது அவர்கள் எப்போதும் செய்வதைச் செய்தார்கள், அதாவது கீழே இருக்கிற ம-வைத் தங்களுக்கு ச-வாக வைத்துக்கொண்டு அங்கிருந்து பாடினார்கள். கச்சேரிக்காரர்கள் மத்திம சுருதி என்பார்களே, அதுதான். வழக்கமாக எஸ்தலின் இதற்குத் திட்டுவாள். அன்றைக்குத் திட்டவில்லை. கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினாள்.

ம-வை ச-வாக வைத்துக்கொண்டால்?

பூட்டின மூடியின் மேல் விரலை வைத்து யோசித்தாள். ச, ம, ப. அதே மூன்று சுரம். ச-வை வீடு என்று நினைத்தால் ம வழிதவறி மேலே நிற்கிறது, இறங்க வேண்டும். ம-வையே வீடு என்று நினைத்துவிட்டால் அது நிற்க வேண்டிய இடத்தில்தான் நிற்கிறது, அதற்குப் போக வேண்டிய இடமே இல்லை. அப்போது தொங்கிக்கொண்டிருப்பது ப. அது இறங்க வேண்டாம், ஒரு படி ஏறினால் போதும். ஏறினால் த, கம்பி நல்லாயிருக்கிற த. ஒரே தொங்கல் இரண்டு வீட்டுக்கும் சொந்தம். எட்டு வருஷம் படித்து, இருபது வருஷம் வாசித்து, நாற்பது நாள் அண்ணாந்து பார்த்த பிறகுதான் இது தெரிகிறதே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் தெரிந்துகொண்டாளே! இந்தக் கரையில் வேறு யாருக்குத் தெரிந்திருக்கும்?

கழுத்திலிருந்து சாவியை எடுத்தாள்.

"அவியட்ட சொல்லுங்க," என்றாள் குழுவிடம், "கால மடக்காம நேரா வைக்கச் சொல்லுங்க. எறங்கணும்னு நெனைக்க வேண்டாம். நிக்கிற எடம்தான் எடம்னு சொல்லுங்க."

முதலில் இடது கையால் கீழ் ம-வை வாசித்தாள், இனி வீடு இதுதான் என்று பியானோவுக்குச் சொல்கிறவளாக, ஒருமுறை, இருமுறை, மூன்றுமுறை. அதன்மேல் வலது கையால் ம, ப, ச. பிடித்தாள். வெளியே லாம்பர்ட்டின் நடுக்கம் நின்றது. எத்தனை நேரம் பிடித்தாள் என்று யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் யாரும் மூச்சு விடவில்லை. பிறகு ப-வை விட்டு, ஒரு படி மேலே, த-வில் விரலை வைத்தாள்.

லாம்பர்ட் இறங்கவில்லை. தரை ஏறியது.

ராத்திரி கரைத்துவைத்த மாவு பொங்கி வருகிற மாதிரி, அவசரம் இல்லாமல், சத்தம் இல்லாமல் கோயில் முற்றத்து மணல் ஏறியது. வலையைப் பிடித்திருந்த அறுபது பேரும் ஏறினார்கள், இடுப்பில் கட்டியிருந்த முனையோடு சூசை ஏறினார், பந்தல்கால்களும் அங்கே படுத்திருந்த இரண்டு ஆடுகளும் ஏறின. ஆடுகள் எழுந்திருக்கக்கூட இல்லை. கொடிமரம் மட்டும் ஏறாமல் மண்ணுக்குள் பாதி அமுங்கியது, அதனால்தான் இந்தக் கரையிலேயே குட்டையான கொடிமரம் சிப்பிமுனையில் இருக்கிறது, இப்போதும் போய்ப் பார்க்கலாம். மணல் ஏறி ஏறி லாம்பர்ட்டின் உள்ளங்காலைத் தொட்டதும் நின்றது. அவன் முழங்காலைக்கூட மடக்க வேண்டியிருக்கவில்லை.

அறுபது பேரும் கத்தினார்கள், கோயில் மணியை யாரோ அடித்தார்கள். எஸ்தலின் வாசலுக்கு வந்தாள். நேற்றுவரை தட்டையாயிருந்த முற்றத்தில் ஒரு மேடு, மேட்டின் உச்சியில் லாம்பர்ட், காலைக் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். தரை வந்துவிட்டது. கேட்பதாகச் சொல்லியிருந்தான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் தொண்டையைச் செருமினான்.

"காத்து..." என்று ஆரம்பித்தான்.

எஸ்தலின் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டாள், சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஈரம் காயாத அந்தப் புது மணலில் கால் புதையப் புதைய ஏறினாள். ஊர் வழிவிட்டது. பதினைந்து வருஷத்து வீம்பை அவள் எந்த இடத்தில் கீழே போட்டாள் என்று தெரியாது, உச்சிக்குப் போனபோது அது அவளிடம் இல்லை.

"காத்தப் பத்திப் பேச வேண்டாம்," என்றாள் மூச்சு வாங்க. "நீங்க கேக்கவும் வேண்டாம். நான் கேக்கேன். என்னக் கெட்டிக்கிடுதியளா லாம்பர்ட்?"

அவன் அவளைப் பார்த்தான், கீழே மணலைப் பார்த்தான், ஒரு காலால் அதை அழுத்திப் பார்த்தான். உறுதியாகத்தான் இருந்தது. அவன் கண் கலங்கிவிட்டது.

"கெட்டிக்கிடுதேன்," என்றான். "இப்பமே சாமியட்ட போய்ச் சொல்லுவமா, இல்ல சனிக்கிழம வரைக்கும் பொறுக்கணுமா?"

நாற்பது நாளுக்கு மேல் காற்றில் நின்றவனுக்குக் கிழமை எங்கே நினைவிருக்கும்?

"இன்னைக்கு சனிக்கிழமதான்," என்றாள் எஸ்தலின்.